மாமா கேட்ட கேள்வி: மன்னிப்புக் கேட்டவரை இன்னும் எதற்கு உள்ளே வைத்திருக்கிறார்கள்?

சிப்புட்_வாசி
27 டிசம்பர் 2025, காலை 9.40

வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். நேற்று ராத்திரி டவுன் ஒட்டுக்கடையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு, அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் வழக்கில் 15 ஆண்டு சிறை என்று எல்லார் கைப்பேசியிலும் செய்தி வந்தது. கடையே அமைதியாகிவிட்டது. அப்புறம் மாமா கேட்டார்: "மன்னிப்புத்தான் கேட்டுட்டாரே. 72 வயசு மனுஷனை இன்னும் எதுக்கு உள்ள வைக்கணும்?"

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன். 13 வயதில் பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்தில் 19 வருஷம் மரணச் சகாய நிதியின் கணக்கு அவர் கையில்தான் இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகள் தலைக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கும். அந்தப் பணத்தைப் பிஸ்கட் தகரத்தில் வைத்திருப்பார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தத் தகரத்தைத் தொட்டதில்லை என்று அத்தை சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சொல்லும் காரணம் மூன்று. நஜிப் காலத்தில்தான் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் பணம் வந்ததாம். 2024 அக்டோபரில் மன்னிப்பும் கேட்டாராம். மாமன்னரே தண்டனையைக் குறைத்து வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகு, கோர்ட் எப்படித் தடுக்கலாம் என்பது மூன்றாவது.

எனக்கு மாமாவோடு உடன்பாடு இல்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்லும் அளவுக்கு இந்த வழக்குகளும் எனக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் போய் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.


சட்டம்படிக்கும்_தங்கச்சி
27 டிசம்பர் 2025, காலை 11.15

அண்ணே, நான் கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறேன். அப்பா ஊர் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம். மாமா இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் பேசுகிறார், அதைப் பிரித்துக்கொள்வோம்.

முதலாவது எஸ்ஆர்சி, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்தது. அந்த நிறுவனம் அரசாங்க ஊழியர் ஓய்வூதிய நிதியான கேடபிள்யூஏபியிடம் 400 கோடி ரிங்கிட் கடன் வாங்கியது. கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது அரசாங்கம். நஜிப்தான் அப்போது பிரதமர், நிதியமைச்சர் இரண்டும். எஸ்ஆர்சியிலிருந்து 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் வேறு நிறுவனங்கள் வழியாக அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வந்தது. இதற்காக ஏழு குற்றச்சாட்டுகள்: நம்பிக்கை மோசடி மூன்று, பணச் சலவை மூன்று, அதிகார துஷ்பிரயோகம் ஒன்று. 2020 ஜூலை 28 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் 12 ஆண்டு சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தார். 2021 டிசம்பர் 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தெங்கு மைமுன் உட்பட ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து உறுதி செய்தார்கள். அன்றைக்கே காஜாங் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

நேற்று வந்தது இரண்டாவது வழக்கு, 1எம்டிபி. அதிகார துஷ்பிரயோகம் நான்கு, பணச் சலவை இருபத்தொன்று. நீதிபதி காலின் லாரன்ஸ் செக்குவேரா 25 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார். 15 ஆண்டு சிறை, சுமார் 1,138 கோடி ரிங்கிட் அபராதம்.

அந்த அபராதத்தைப் பார்த்து நிறையப் பேர் மலைத்துப்போகிறார்கள். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையக்கூடாது. 4 கோடியே 20 லட்சத்தை ஐந்தால் பெருக்கினால் 21 கோடி. 1எம்டிபி வழக்கில் அவருக்கு வந்த சுமார் 228 கோடியை ஐந்தால் பெருக்கினால் நேற்று வந்த தொகை. நீதிபதி கோபத்தில் போட்ட தொகை என்று மாமா நினைத்திருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் கிடைத்த தண்டனைக் குறைப்பு எஸ்ஆர்சிக்கு மட்டும்தான். நேற்றைய 15 ஆண்டு, அந்தத் தண்டனை முடிந்த பிறகு ஆரம்பமாகும்.


ஓய்வூதியர்_பேராக்
27 டிசம்பர் 2025, மதியம் 1.02

தம்பி, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் 33 வருஷம் வேலை பார்த்தவன். அதற்கு முன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்கு உதவியாள்.

கேடபிள்யூஏபி என்ற பெயரை மேலே படித்ததும் எனக்கு மேற்கொண்டு ஓடவில்லை. என்னைப் போன்றவர்களின் ஓய்வூதியத்துக்காக அரசாங்கம் சேர்த்துவைக்கும் பணம் அது. ராத்திரி ஷிப்டு பார்த்து, பெட்பான் எடுத்து, கடைசிக் காலத்துக்கு என்று நம்பியிருந்தது. என் ஓய்வூதியம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அது உண்மை. உத்தரவாதம் கொடுத்த அரசாங்கம் கடனைப் பார்த்துக்கொண்டது. ஆனால் அரசாங்கம் கட்டினால் யார் கட்டியதாக அர்த்தம்? வரி கட்டுகிற என் மகன் கட்டுகிறான்.

உங்கள் மாமா தகரத்தில் வைத்திருந்ததும் இதே ஜாதிப் பணம்தான். சாவு வந்தால் வேண்டும், முதுமை வந்தால் வேண்டும் என்று மற்றவர்கள் ஒதுக்கிய பணம். அதை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.


செம்பனைக்காட்டு_ராஜா
27 டிசம்பர் 2025, மாலை 4.48

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் நஜிப்பின் அம்னோ கட்சி ஆள் கிடையாது, இந்தியர் கட்சியான மஇகாவும் கிடையாது. ஆனால் 2022இல் நடந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசி நேரத்தில் வந்த புது வழக்கறிஞர் வழக்கை ஒத்திவைக்கத் தவணை கேட்டார், கொடுக்கவில்லை. முதலில் தீர்ப்புச் சொன்ன நஸ்லான் முன்பு மேபேங்க் வங்கியில் வேலை செய்தவர், அந்த வங்கிக்கு இந்த விவகாரத்தோடு தொடர்பு இருந்ததாம், அதனால் அவர் விசாரித்திருக்கக் கூடாது என்று கேட்டார்கள், அதையும் ஏற்கவில்லை. மறு ஆய்வு மனுவில் ஒரு கூட்டரசு நீதிபதியே விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதினார். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

நம் தோட்டத்து ஆள் இப்படித் தவணை கேட்டு மறுத்திருந்தால் நாம் சும்மா இருப்போமா?


சட்டம்படிக்கும்_தங்கச்சி
27 டிசம்பர் 2025, இரவு 8.30

ராஜா அண்ணே, நல்ல கேள்வி. மூன்றுமே நடந்தவைதான். 2023 மார்ச் 31 அன்று மறு ஆய்வு மனு 4க்கு 1 என்று தள்ளுபடியானது. மாறுபட்டவர் நீதிபதி அப்துல் ரஹ்மான் செப்லி. அவர் எழுதியதை எங்கள் வகுப்பில் படிக்கச் சொன்னார்கள், நானும் படித்தேன். தவணை மறுத்ததால் நஜிப்புக்கு நியாயமான விசாரணை கிடைக்காமல் போனது என்பதே அவருடைய வாதம். யோசிக்க வைக்கிற வாதம்.

ஆனால் தவணை எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். விசாரணைத் தேதி பல மாதங்களுக்கு முன்பே குறித்தாகிவிட்டது. அந்தத் தேதி நெருங்கியபோது, பழைய வழக்கறிஞர் குழுவை மாற்றியது நஜிப்பே. பிறகு புதுக் குழுவுக்கு நேரம் போதவில்லை என்றார்கள். இதை ஏற்றால், வசதியுள்ள எவரும் வழக்கறிஞரை மாற்றி மாற்றி வழக்கை இழுக்கலாம். எனக்குப் பெரும்பான்மைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது.

நம் தோட்டத்து ஆளைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு முதல் வழக்கறிஞர் கிடைப்பதே கஷ்டம் அண்ணே.


கிராணி_வீட்டுப்_பிள்ளை
27 டிசம்பர் 2025, இரவு 10.05

தங்கச்சியின் கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் லயத்தில் ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. செம்பனைக் குலை திருடினான் என்று பிடித்தார்கள். கையில் இருந்தது எத்தனை குலை என்று கேட்டால் அழுகை வரும். வழக்கறிஞர் இல்லை, மலாய்மொழியில் படித்துக் காட்டியது அவனுக்குப் பாதி புரியவில்லை, ஒப்புக்கொண்டான். சில மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது அவன் அம்மா உயிரோடு இல்லை.

அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். திருடியது தப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஜாமீன் இல்லை, மேல்முறையீடு இல்லை, மறு ஆய்வு இல்லை, மன்னிப்பு மனுவும் இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதையே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நஜிப்பின் வழக்கைப் பாருங்கள். 2018 ஜூலையில் குற்றம் சாட்டி, 2022இல்தான் சிறை. 1எம்டிபி விசாரணை 2019 ஆகஸ்டில் ஆரம்பித்து நேற்றுத்தான் தீர்ப்பு. இவருக்கு உரிமை கிடைத்ததைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் கிடைக்க வேண்டும். அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.


சட்டம்படிக்கும்_தங்கச்சி
27 டிசம்பர் 2025, இரவு 10.41

அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

ஒரு தகவல், இங்கே வருகிற யாருக்காவது உதவலாம். கைதாகிறவர்களுக்கு இலவச வழக்கறிஞர் கொடுக்கும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. மலாயில் யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன். பிடிபட்டவுடன் போலீஸ் நிலையத்திலேயே கேட்கலாம். 2011இல் அமைத்தார்கள், நஜிப் பிரதமராக இருந்தபோதுதான். நல்லது நடந்ததை நல்லது என்று சொல்ல வேண்டும்.


தைப்பிங்_அக்கா
28 டிசம்பர் 2025, காலை 7.20

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சுங்கை சிப்புட் என்று பார்த்ததும் எழுத வந்தேன். மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் ஊர் அது.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, குடும்பம் குடும்பமாக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி போடச் சொன்னார். என் தாத்தா போட்டார். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி என்பது வயிற்றைக் கட்டிச் சேர்க்கிற பணம். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நம் ஜனங்களின் காசு, நம் ஜனங்களின் பெயரில் நிலமானது. தாத்தா அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

எண்பதுகளில் மஇகா ஆரம்பித்த முதலீட்டு நிறுவனம், மைக்கா ஹோல்டிங்ஸ், வந்தது. அதற்கும் நம்பிக் கொடுத்தோம். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 10 கோடிக்கு மேல் சேர்ந்தது. அதில் எங்களுக்கு மிஞ்சியது மனவலிதான்.

அதனால்தான் நஜிப் நம் கூட்டங்களில் வந்து தமிழில் "நம்பிக்கை" என்று சொன்னபோது என் நெஞ்சில் அது ஆழமாக இறங்கியது. பிரதமர் நம் மொழியில் அந்த ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துப் பேசினார். நானும் கை தட்டினேன், 2013இல் ஓட்டும் போட்டேன். 2018இல் குற்றப்பத்திரிகை வந்த அன்று தமிழ்ப் பத்திரிகையில் படித்தேன்: நம்பிக்கை மோசடி. அதே வார்த்தை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி, உங்கள் மாமா தமிழ்ப்பள்ளிக்குப் பணம் வந்தது என்கிறார். வந்தது, நானே அந்தப் பணத்தில் கட்டின வகுப்பறையில் பாடம் நடத்தினேன். ஆனால் அது பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம். நம் பணம் நமக்கு வந்தது. அதற்காக இன்னொரு நிதியில் கை வைத்ததை எப்படி மறப்பது?


ஓய்வூதியர்_பேராக்
28 டிசம்பர் 2025, காலை 8.55

அக்கா, அந்த வார்த்தையை நானும் மறக்கவில்லை.

தங்கச்சி, ஒரு சந்தேகம். கோயில் பொருளாளர், தோட்டத்துக் கிராணி இவர்கள் பணத்தை எடுத்தாலும் இதே சட்டம்தானா?


சட்டம்படிக்கும்_தங்கச்சி
28 டிசம்பர் 2025, காலை 9.30

ஐயா, தண்டனைச் சட்டத்தில் ஒரே குடும்பத்துப் பிரிவுகள். குமாஸ்தாவோ வேலையாளோ செய்தால் 408. கிராணி அதில் வருவார். அரசாங்க ஊழியர், முகவர் போன்றவர்கள் செய்தால் 409, இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. நஜிப்புக்குப் பிரம்படி இல்லாததற்குக் காரணம், 50 வயதுக்கு மேற்பட்டவர்களை இதற்கு அடிக்க முடியாது என்கிற பொது விதி. தனிச் சலுகை கிடையாது.

சட்டம் முதலில் கேட்பது, பணம் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதா என்பதை. ஒப்படைத்தது பிஸ்கட் தகரமா, நிதியமைச்சா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி மாமாவின் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன், இதுதான் சிக்கலானது. இங்கே யாரோ ஒரு பழைய இழையில் நஜிப்பை "முன்னாள் நாட்டுத் தலைவர்" என்று எழுதியிருந்தார்கள். அவர் அரசாங்கத்தின் தலைவராக இருந்தவர். நாட்டின் தலைவர் மாமன்னர்; மாநில மன்னர்கள் முறை வைத்து வகிக்கும் பதவி அது. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் மன்னிப்பு விவகாரம் புரியும்.

அரசியலமைப்பின் 42வது பிரிவுப்படி கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில் நடந்த குற்றங்களுக்கு மன்னிப்பு தரும் அதிகாரம் மாமன்னருக்கு. அதற்கு ஒரு மன்னிப்பு வாரியம் உண்டு. தேசிய சட்டத்துறைத் தலைவர், கூட்டரசுப் பிரதேச அமைச்சர், இன்னும் மூன்று பேர் வரை இருப்பார்கள். மாமன்னர் தலைமையில் வாரியம் கூடும். 2024 ஜனவரி 29 அன்று, பகாங் சுல்தான் மாமன்னராக இருந்த காலம் முடிவதற்கு முந்தின நாள், அந்த வாரியம் கூடியது. 12 ஆண்டு 6 ஆனது, 21 கோடி அபராதம் 5 கோடியானது. அதைக் கட்டினால் 2028 ஆகஸ்ட் 23 அன்று விடுதலை, கட்டாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு.

மிச்சத் தண்டனையை வீட்டில் கழிக்கலாம் என்று மாமன்னர் ஒரு கூடுதல் ஆணையும் கொடுத்ததாக நஜிப் தரப்பு 2024 ஏப்ரலில் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரி 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று வழக்கை விசாரிக்கச் சொன்னது. ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றமும் விசாரிக்கச் சொன்னது. கவனியுங்கள், அவருக்கு எதிரான நீதிமன்றம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். போன திங்கள், டிசம்பர் 22 அன்று, நீதிபதி ஆலிஸ் லோக் தீர்ப்புச் சொன்னார். அந்த ஆணை வாரியக் கூட்டத்தில் பேசி முடிவானது இல்லை, ஆகவே செல்லாது என்றார்.

மாமன்னரை நீதிமன்றம் தடுத்ததாக மாமாவுக்குத் தோன்றலாம். அரசியலமைப்பு அந்த அதிகாரத்தை வாரியத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறது, அந்த வழியில் வர வேண்டும் என்பதே தீர்ப்பு.


செம்பனைக்காட்டு_ராஜா
28 டிசம்பர் 2025, மதியம் 12.10

சரி, இது இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியாது. ஆனால் மன்னர்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நீதிமன்றம் பேசலாமா? பார்த்து எழுதுங்கள் தங்கச்சி.


சட்டம்படிக்கும்_தங்கச்சி
28 டிசம்பர் 2025, மதியம் 12.45

பார்த்துத்தான் எழுதுகிறேன் அண்ணே, மரியாதையோடும்தான்.

1993இல் அரசியலமைப்பைத் திருத்திச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றை உருவாக்கினார்கள், 182வது பிரிவு. மன்னர்கள் தனிப்பட்ட முறையில் சம்பந்தப்பட்ட வழக்குகள் அங்கேதான் போகும். நாட்டின் தலைமை நீதிபதி, இரண்டு உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள், மன்னர்கள் மாநாடு நியமிக்கும் இருவர், ஆக ஐந்து பேர். வழக்குத் தொடுக்க சட்டத்துறைத் தலைவரின் அனுமதி வேண்டும். அங்கே சொன்னதே முடிவு, மேல்முறையீடு இல்லை.

2008இல் அந்த நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில், முன்பு மாமன்னராக இருந்த நெகிரி செம்பிலான் மாநில மன்னர் துவாங்கு ஜாஃபர் 10 லட்சம் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அரியணையில் இருந்த ஒருவர் மீது வங்கி போட்ட வழக்கு, சட்டப்படி நடந்து, சட்டப்படி முடிந்தது. அதனால் அரண்மனையின் மரியாதை குறைந்துவிடவில்லை. நாட்டுத் தலைவராக இருந்தவரே சட்டத்துக்குள் வருகிறார் என்றால், அரசாங்கத் தலைவராக இருந்தவர் வருவதில் என்ன ஆச்சரியம்?


கிராணி_வீட்டுப்_பிள்ளை
28 டிசம்பர் 2025, மாலை 6.15

எஸ்ஆர்சி வழக்கில் அரசு தரப்பை முன்னின்று நடத்தியவர் வி. சிதம்பரம். 1எம்டிபி வழக்கை ஆரம்பத்தில் நடத்தியவர் கோபால் ஸ்ரீராம், 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார். முந்தாநாள் வந்த தீர்ப்பை அவர் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள்.


சிப்புட்_வாசி
29 டிசம்பர் 2025, இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை மாமா வீட்டுக்குப் போய் முழுசாகப் படித்துக் காட்டினேன். தைப்பிங் அக்கா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். மரணச் சகாய நிதி நோட்டு. தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி எல்லாரையும் வெளியேற்றிய வருஷம், கடைசிப் பக்கத்தில் மீதி 328 வெள்ளி. 41 வீடு, வீட்டுக்கு எட்டு வெள்ளி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து அல்லது கட்டைவிரல் ரேகை. மூன்று பேர் அதற்குள் ஈப்போவுக்குப் போய்விட்டார்களாம், பஸ் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறார்.

"அவரு மன்னிப்புக் கேட்டதுல, தன் காலத்துல நடந்துடுச்சுன்னுதானே சொன்னாரு? தான் எடுக்கலைன்னுதானே சொன்னாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் அறிக்கையைத் திரும்பப் படித்துப் பார்த்திருந்தேன். 1எம்டிபி நடந்ததற்கு வருந்துகிறார், அதன் மூளையாகத் தான் இருந்ததை மறுக்கிறார்.

"அப்ப அது மன்னிப்பு இல்லைடா, அனுதாபம்" என்றார். வயதானவர் சிறையில் இருப்பது இன்னும் அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது, அதையும் சொன்னார். அது எனக்கும் புரிகிறது. மேல்முறையீடு எப்போது வருகிறது என்று கேட்கிறார். தங்கச்சி, தெரிந்தால் எழுதுங்கள்.


சட்டம்படிக்கும்_தங்கச்சி
29 டிசம்பர் 2025, இரவு 10.20

1எம்டிபி தீர்ப்பு, அந்தக் கூடுதல் ஆணை பற்றிய தீர்ப்பு இரண்டுக்கும் மேல்முறையீடு செய்யப்போவதாக அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார் அண்ணே. புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தேதி குறித்ததும் இதே இழையில் போடுகிறேன். மாமாவிடம் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள், பெயர்களை மறைத்துவிடலாம். எங்கள் வகுப்பில் காட்ட வேண்டும்.